முள்ளங்கிப் பாத்தி

"பிள்ளைங்க பந்தையே கத்தியால ரெண்டாப் பொளந்தவன். செடியை விட்டு வைப்பானா?"

வெல்டர் பாத்தியில் குனிந்து, வாடிக் கிடந்த முள்ளங்கிக் கன்று ஒன்றைத் தொட்டார். எந்தப் பிடிப்பும் இல்லாமல் அது கையோடு வந்தது. வேர் அறுந்திருந்தது.

"பாரு. பிடுங்கிட்டு, தெரியக் கூடாதுன்னு திரும்ப மண்ணுல சொருகி வெச்சிருக்கான். என்ன கள்ளத்தனம் பாரு."

மனைவி இடுப்பளவு மதிலுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். "மெதுவாப் பேசுங்க. காதுல விழப் போகுது."

"விழட்டும். விழணும்னுதான் பேசறேன்."

அந்தப் பக்கம் கறிக்கடைக்காரரின் வீடு. வாசலையே அடைத்துக்கொண்டு நிற்கும் உருவம், யாரோடும் ஒட்டாத ஆள். போன மாதம் வெல்டரின் மகள்கள் அடித்த பந்து அவர் ஜன்னல் கண்ணாடியை உடைத்தபோது, பந்தைக் கட்டையில் வைத்து ஒரே போடாகப் போட்டு, இரண்டு பாதியையும் மதிலுக்கு மேலே வீசினார். வெல்டர் போய் அவர் சட்டையைப் பிடிக்க, தெருவே கூடித்தான் விலக்கிவிட்டது. அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

தோட்டம் போட வேண்டும் என்பது வெல்டரின் ஆசை. இரும்பைத் தவிர வேறொன்றும் தெரியாதவர், விதைக்கடையில் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டார். முதல் தடவை விதையை ஆழமாகப் புதைத்ததில் ஒன்றுகூட முளைக்கவில்லை. அடுத்த தடவை மகள்கள் இருவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"விரல் நுனி அளவுக்குத்தான் குழி. அதுக்கு மேல போனா விதைக்கு மூச்சு முட்டும், சரியா?"

பெரியவளுக்குத் தக்காளி, ஐந்து வயதுப் பொடிசுக்கு முள்ளங்கி என்று பங்கு பிரித்தார். பிள்ளைகளுக்குச் செடியைப் போலவே ஒழுங்கும் வளர வேண்டும் என்பது அவர் கட்சி. தண்ணீர் ஊற்றப் போன பெரியவள் கால் தவறி ஒரு கன்றை மிதித்துவிட, முதுகில் விழுந்த அறையின் தடம் மறையவே நாளானது. அப்புறம் பிள்ளைகள் பாத்தி ஓரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்கள்.

இப்போது முள்ளங்கிப் பாத்தியில் பாதி செத்துக் கிடந்தது.

"எவன் பிடுங்கினானோ, அவன் கையை முறிக்காம விடமாட்டேன்" என்றார் மதிலைப் பார்த்து, உரக்க.

பொடிசு வீறிட்டு அழ ஆரம்பித்தாள். மனைவி தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். செத்த செடிக்காக அழுகிறாள் என்று நினைத்தார் வெல்டர். ஆசையாய் வளர்த்த குழந்தை அல்லவா.

மறுநாள் பட்டறையில் மின்சாரம் போய்விட்டது. எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. மதியச் சாப்பாட்டுக்கே வெல்டர் வீட்டுக்குத் திரும்பினார்.

குளியலறையில் துணி அடிக்கும் சத்தம் கேட்டது. பெரியவள் பள்ளி விட்டு வர நேரம் இருந்தது. காலைப் பள்ளி முடிந்து வந்துவிடும் பொடிசு எங்கே என்று பார்த்தபடி, வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். போனவர் அப்படியே நின்றார்.

கறிக்கடைக்காரர் முள்ளங்கிப் பாத்தியில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். அந்த அகன்ற முதுகு பாத்தி முழுவதையும் மறைத்தது. ஓரமாக நீண்டிருந்த கையில் ஒரு கன்று, வேரில் மண்ணோடு தொங்கியது.

வெல்டர் குரல் கொடுக்கவில்லை. தக்காளிக்கு முட்டுக் கொடுக்க அறுத்து வைத்திருந்த இரும்புக் குழாய்களில் ஒன்றை உருவினார். முதல் அடி தோளில் இறங்கியது. எலும்பு முறியும் சத்தம் அவர் காதுக்கே கேட்டது.

கறிக்கடைக்காரர் முனகியபடி பாதி திரும்பி, அடியைத் தடுக்கக் கையைத் தூக்கினார். இரண்டாவது அடியில் அந்தக் கை மணிக்கட்டுக்கு மேலே மடங்கித் தொங்கியது. வெல்டரை ஒரே தள்ளில் மதிலுக்கு அப்பால் வீசக்கூடிய ஆள், திருப்பி அடிக்கவில்லை. குனிந்து, முதுகைத்தான் காட்டினார்.

"இருங்க, இருங்க... குழந்தை..."

"குழந்தை வெச்ச செடியைத்தானேடா பிடுங்கற."

மூன்றாவது அடி மண்டையில் விழுந்தது. கறிக்கடைக்காரர் பக்கவாட்டில் சரிந்து, வாய் மண்ணில் புதைய விழுந்தார். காதோரம் வழிந்த ரத்தம் தண்ணீர் விட வெட்டியிருந்த வாய்க்காலில் இறங்கி ஓடியது. அடங்காத வெல்டர் விலாவில் ஓர் உதை விட்டார்.

சோப்பு நுரைக் கையோடு மனைவி ஓடி வந்தாள். விழுந்தவரின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள்.

"மூச்சு இருக்கு. யாரையாவது கூப்பிடுங்க. ஏங்க, நிக்காதீங்க, கூப்பிடுங்க."

"சாகட்டும். கையும் களவுமாப் பிடிச்சேன்."

அப்போதுதான் அவர் பொடிசைப் பார்த்தார். கறிக்கடைக்காரர் மறைத்துக்கொண்டிருந்த இடத்தில், மதிலோடு மதிலாக ஒட்டி உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ரத்தம் தெறித்திருந்தது. அவளுடையது இல்லை.

குழாயைப் பிடித்தபடியே ஓர் எட்டு முன்னால் வைத்தார். "உன்னை என்னடா பண்ணான்? அப்பாகிட்ட சொல்லு. பயப்படாம சொல்லு."

பொடிசு இன்னும் மதிலோடு ஒடுங்கினாள். அவள் கண் குழாயை விட்டு நகரவில்லை.

"முள்ளங்கி வந்துடுச்சான்னு பாக்கப் பிடுங்கினது நாந்தாம்ப்பா. நீங்க அடிப்பீங்கன்னு அந்த மாமா தினம் நட்டுத் தருவாரு."