வெறும் காற்று

பெயிண்ட்பால் ஆட ஒருவர் தனியாக வந்து எஸ்தர் பார்த்ததில்லை. அந்த மைதானத்தில் துப்பாக்கிகளைப் பழுதுபார்ப்பவள் அவள். இன்று ஒருவர் அப்படி வந்து நின்றார்.

"மத்தவங்க எப்ப வருவாங்க சார்?"

"யாரும் வரலம்மா. எதிர்ல நீ நின்னா போதும்."

மைதானத்தில் வேறு ஆளில்லை. விதிகளைச் சொன்னாள். சாயக் குண்டு பட்டவர் கையைத் தூக்கிக்கொண்டு வெளியேறிவிட வேண்டும்; அதற்குமேல் அவரை யாரும் சுடக்கூடாது. அவர் தலையாட்டிவிட்டுத் தூரத்து டிரம்முக்குப் பின்னால் போய் நின்றார்.

எஸ்தர் எடுத்து வந்த துப்பாக்கி காலையிலிருந்தே மக்கர். குண்டைத் தள்ள வேண்டிய காற்று மேல்குழாய் வழியாக ஏறி, டப்பாவிலிருக்கும் குண்டுகளைக் கீழே இறங்க விடாமல் உலையரிசி மாதிரித் துள்ள வைத்தது. வாஷரை மாற்றியிருந்தாள். இருந்தும் சந்தேகம். குண்டு டப்பாவை மொத்தமாகக் கழற்றித் தரையில் வைத்தாள். குழலை மண்ணைப் பார்க்கச் சாய்த்து, மேல்குழாயின் வாயில் உள்ளங்கையை வைத்து விசையை இழுத்தாள். டப்பென்ற சத்தத்தோடு காற்று கையில் சில்லென்று அடித்தது. சனியன், இன்னும் கசிகிறது.

நிமிர்ந்தாள். அவர் டிரம்மை விட்டு வெளியே வந்து கையைத் தூக்கியபடி நின்றிருந்தார்.

"சார், நான் சுடல! குண்டே போடல சார், வெறும் காத்து!"

அவருடைய வெள்ளைச் சட்டையில் ஒரு துளி சாயமில்லை.

"பட்டுருச்சும்மா. இனிமே என்னை யாரும் சுடக்கூடாதுல்ல" என்றார். தூக்கிய கையை இறக்காமலே கேட்டைப் பார்த்து நடந்தார்.