மடி மட்டும்

இப்போதெல்லாம் கூடப்பிறந்தவனைக்கூட விளையாட்டுக்குள் போய்த்தான் பிடிக்கிறார்கள் என்று காதுகுத்து மண்டபத்தில் ஒச்சப்பன் வாய்விட்டே சொன்னார். யாரும் சட்டை பண்ணவில்லை. அவரைத் தவிர எல்லார் மூக்கின் மேலும் விளையாட்டைக் கண்முன் காட்டும் கண்ணாடி இருந்தது.

அவர் மகள் தவச்செல்வி வருஷக்கணக்காக ஆடும் கதை விளையாட்டில் அவள் ஓர் அனாதை வீராங்கனை. அதே விளையாட்டில் வரும் இளவேங்கை என்ற கற்பனை வீரன் அவளைத் தங்கையாக ஏற்றுக்கொண்ட அண்ணன். பேரனுக்குத் தாய்மாமன் அவன்தான் என்று பத்திரிகையே அடித்துவிட்டாள்.

ஆசாரி ஊசியோடு வந்து, "மாமன் மடி எங்கம்மா?" என்றார்.

இளவேங்கைக்கு வாள் இருந்தது, குதிரை இருந்தது, மடிதான் இல்லை.

சீர்த்தட்டோடு ஓரமாக நின்ற சொந்த அண்ணன் காசிராசனை அப்போதுதான் தவச்செல்வி பார்த்தாள். இந்த மடிக்காகவே அவன் துபாயிலிருந்து வந்திருந்தான்.

"அண்ணே, நீ சும்மா உக்காரு. கண்ணாடியில அவரு மொகந்தான் தெரியும்."

"அப்ப நானு?"

"மடி மட்டும் குடு."

உட்கார்ந்தான். ஊசி ஏறியதும் பிள்ளை அலறி அவன் கட்டைவிரலைக் கடித்தது. காசிராசனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஏப்பா, இளவேங்கை அண்ணன் அழுவுறாரு! என்னா பாசம் பாரேன்!" தவச்செல்வி தேம்பிக்கொண்டே ஒச்சப்பனிடம் ஒரு கண்ணாடியை நீட்டினாள்.

"அழுவுறது எம்மவன்டி. இத மாட்டுனா எனக்கும் அவன் தெரியாமப் போயிருவான்."

பிள்ளையைத் தாயிடம் கொடுத்துவிட்டு, மகனை எழுப்பிப் பந்திக்கு நடத்திப் போனார். வாசலில் திரும்பிப் பார்த்தார். காலி மணையின் இரண்டு பக்கமும் நின்று சொந்தக்காரர்கள் இளவேங்கையோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"வாடா, சோறாவது நெசமான்னு பாப்போம்" என்று நடந்தார்.