ஸும்ராவின் கைகள்

கண்டக்குழிக் கடலில் கடலட்டை பிடிக்க றஸீன் மூழ்கியிருந்தபோது, கடற்படை ரோந்துக்குப் பயந்து கூட்டாளி இல்ஹாம் படகை எடுத்துக்கொண்டு ஓடினான். இயந்திரச் சத்தம் கேட்டு, ஆழத்திலிருந்து நின்று நின்று ஏறாமல் ஒரேயடியாக மேலே வந்த றஸீனுக்கு நெஞ்சுக்குக் கீழே உணர்வு செத்துப்போனது. பிறகு இல்ஹாம் மௌத்தானபோது, மையித்தை அடக்குமுன் அவன் பிழையை மன்னிக்கச் சொல்லி மாப்புக் கேட்டு வந்தவர்களை றஸீன் வாசலோடு அனுப்பிவிட்டான்.

சளி கட்டினால் மனைவி ஸும்ராதான் வயிற்றை அமுக்கி இருமவைப்பாள். அவன் கண்ணை இறுக மூடிக்கொள்வான்.

“மூச்ச இழுங்க... இப்ப இருமுங்க!”

இன்று பாதி இருமலில் கண்ணைத் திறந்தான். ஸும்ரா வாசலில் நின்றாள், இரண்டு கையிலும் தேநீர்க் கோப்பைகளோடு. அவன் வயிறு அமுங்கியே இருந்தது. மேலே ஈர விரல்தடங்கள்.

“எத்தின நாளா?”

“இல்ஹாம்ட மையித்து எடுத்ததுல இருந்து. எனக்கு அந்தப் பலமில்ல.” அவள் கோப்பையை நீட்டினாள். “மாப்பு மட்டும் குடுத்துராதீங்க. அவர் போயிட்டா பொறகு ஆர் அமுக்குற?”