தொட்டிக் கொடி

குச்சி என்று எல்லோரும் கூப்பிடும் பெண் முடிவுக் கோட்டைத் தாண்டியதும் புல்லில் குப்புற விழுந்தாள்.

கோச் ஸ்டாப்வாட்சைப் பார்த்தாள். இருபத்தொரு நிமிடம், ஐம்பத்தேழு விநாடி.

ஒன்பது விநாடியில் ரெக்கார்டு போய்விட்டது.

கடைசி வருஷம், கடைசி ஓட்டம். கல்லூரியின் ஆறு கிலோமீட்டர் ரெக்கார்டை உடைக்கும் பெண்ணுக்கு மேற்படிப்பும் விடுதியும் இலவசம். உடைக்காத பெண்ணுக்குக் கைதட்டல் இலவசம். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய குச்சி, திங்கட்கிழமையிலிருந்து அம்மா வேலை பார்க்கும் அதே கார்மென்ட்ஸில், அம்மாவுக்குப் பக்கத்து மெஷினில் உட்கார வேண்டியதுதான்.

அந்த ரெக்கார்டு கோச்சுடையது. பத்தொன்பது வருஷப் பழசு. அதை வைத்துத்தான் அவளுக்கு மேற்படிப்பு கிடைத்தது. படிப்பை வைத்து இந்த வேலை. அவளும் அவள் வீட்டில் முதல் ஆள்தான்.

ரெக்கார்டு வைத்த அன்றைய புகைப்படம் அலுவலக அறையில், கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கிற மாதிரி மாட்டியிருக்கும். எலும்பும் தோலுமாக ஒரு பெண், வெறுங்காலோடு, இரண்டு கைகளையும் விரித்தபடி. புதிதாகச் சேரும் பெண்களை அதன் முன்னால்தான் நிறுத்துவார்கள். ஷூகூட இல்லாமல் ஓடியிருக்கிறாள், உங்களுக்கென்ன கேடு என்பார்கள்.

பத்தொன்பது வருஷத்தில் ஒருத்திகூட அந்த ரெக்கார்டைத் தொடவில்லை. தங்கள் காலையே திட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். கோச்சுக்கு அத்தனை பேரின் பெயரும் ஞாபகம் இருக்கிறது. மறக்க முயன்றும் பார்த்தாயிற்று.

துறைத் தலைவர் தாளும் பேனாவுமாக வந்தார். உடைந்ததா என்று கண்ணாலேயே கேட்டார். கோச் இல்லையென்று தலையாட்டினாள்.

"நெனச்சேன். உங்கள அடிச்சுக்க ஆளே கிடையாதும்மா."

கோச் தாளை வாங்கினாள். கையெழுத்துப் போட்டாள். பேனா எழுதவில்லை. உதறிவிட்டு மறுபடியும் போட்டாள்.

குச்சி எழுந்து உட்கார்ந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை.

"தொட்டிகிட்டதான் மேடம் கோட்டை விட்டுட்டேன். அந்தச் சுத்துல நீங்க மட்டும் எப்படி வேகம் கொறையாம வந்தீங்க?"

மைதானத்தின் கோடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியைச் சொன்னாள். நேராக வரும் பாதை அங்கே இடப்பக்கம் திரும்பி, தொட்டியை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மறுபடி திரும்பின இடத்துக்கே வந்து நேராகத் தொடரும். அது மட்டும் இருபது விநாடியைத் தின்னும்.

திரும்ப வேண்டிய இடத்தில் ஒரு சிவப்புக் கொடி. பாதையில் உள்ள மற்றக் கொடிகளைப் பெண்களே நடுவார்கள். இதை மட்டும் கோச் யார் கையிலும் கொடுக்க மாட்டாள். போட்டியன்று காலையில் சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு தானே போவாள். மேடம் கொடி நடுகிறார்களா, கரண்டுக் கம்பம் நடுகிறார்களா என்று பெண்கள் சிரிப்பார்கள். ரொம்பக் கண்டிப்பானவள் என்று பெயர். அடுத்தவள் ஓடும்போது கண்டிப்பாக இருப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை.

கோச் குனிந்து ஷூ கயிற்றை இறுக்கினாள். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

"போய்க் கொடியெல்லாம் எடுத்துட்டு வா."

ஆறு கிலோமீட்டர் ஓடி விழுந்தவளிடம் சொல்கிற வேலையா அது? குச்சி எழுந்து போனாள். ஒவ்வொன்றாகப் பிடுங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு தொட்டி வரை போனாள். அங்கே நின்றுவிட்டாள். ஒரு கையால் இழுத்தாள். மற்றதையெல்லாம் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் இழுத்தாள்.

"வர மாட்டேங்குது மேடம்! இத மட்டும் எதுக்கு இவ்ளோ ஆழமா அடிக்கிறீங்க?"

மைதானத்தின் இந்தக் கோடி வரை கேட்டது.

"காத்துல விழுந்துரும்டி!"

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், கோச் ஓடிய அன்றைக்கு, அது விழுந்துதான் கிடந்தது.

முன்னால் யாரும் இல்லை. பின்னால் வந்தவர்கள் வெகு தூரத்தில். எங்கே திரும்ப வேண்டும் என்று கொடி வந்து சொல்ல வேண்டியதில்லை, முந்தின நாள்தான் பாதை முழுவதையும் நடந்து பார்த்திருந்தாள். திரும்பவில்லை. நேராகவே ஓடினாள்.

பனியில் நனைந்த கொடித் துணி. வெறும் உள்ளங்காலில் அது சில்லென்று பட்ட இடத்தை, கேட்டால், இன்றைக்கும் அவளால் தொட்டுக் காட்ட முடியும்.