இருமல் சித்தப்பா

"ஷ்ஷ்! சித்தப்பா பேசறாரு, யாரும் மூச்சு விடாதீங்க!"

சொல்லிக்கொண்டே மெக்கானிக் டிரம்ஸ் குச்சிகளை மடியில் அமுக்கிக்கொண்டான். பாடிக்கொண்டிருந்த அவன் மச்சினன் திறந்த வாயை மூடாமல் நின்றான். மெக்கானிக்கின் தங்கை கிட்டார் கம்பிகளை உள்ளங்கையால் பொத்தினாள். ஒட்டடைக்குச்சி மாதிரி உயரமும் ஒல்லியுமாக இருப்பதால், வீட்டிலும் பேண்டிலும் அவளுக்கு ஒட்டடை என்றுதான் பெயர்.

கார் ஷெட்டின் மூலையில், பழைய டயர்களின் மேல் இருந்த ஆம்ப்ளிஃபயர் கரகரத்தது. ஓர் இருமல். பிறகு கனத்த குரல்.

"வண்டி மூணு. மார்க்கெட் பக்கம் போறேன். ஓவர்."

மூவரும் மூச்சு விட்டார்கள்.

அனுமதியில்லாமல் டிரம்ஸும் கிட்டாரும் வைத்துப் பாட்டுப் பாடக்கூடாது என்று சட்டம் வந்ததிலிருந்து ஊரில் ரோந்து ஜீப்புகள் சுற்றின. 'கிழிஞ்ச பாய்' பேண்டின் கிட்டார்களை நடுத்தெருவில் போட்டு ஜீப்பை ஏற்றினார்கள். அந்த பேண்டின் டிரம்மருக்கு, அடித்து மடக்கிய விரல்கள் இன்னும் நிமிரவில்லை. அந்த விரல்கள் ஒட்டடையின் கனவில் தினமும் வந்து அவள் கழுத்தைத் தடவிப் பார்த்தன.

இவர்கள் பேண்டின் பெயர் 'ஓட்டை சைலன்ஸர்'. பிறந்ததும் வளர்ந்ததும் இந்த ஷெட்டில்தான். வெளியே கேட்டால் என்ஜின் ரிப்பேர் என்று சொல்லிக்கொள்ளலாம். போதாததற்கு, மெக்கானிக் ரேடியோப் பெட்டியைப் பிரித்துச் செய்த அந்த ஆம்ப்ளிஃபயர், போன மாதத்திலிருந்து ரோந்து வயர்லெஸ்ஸையும் பிடிக்க ஆரம்பித்துவிட்டது. ஜீப் எங்கே போகிறது என்று அதுவே சொல்லிவிடும். அடிக்கடி பேசும் அந்தக் குரலுக்கு மச்சினன்தான் பெயர் வைத்தான்: இருமல் சித்தப்பா.

"பாவம், யாராவது மனுஷனுக்கு ஒரு கஷாயம் வச்சுக் கொடுங்கப்பா" என்றான் அவன் இப்போதும்.

"எல்லாம் உன் மைக் வந்த ராசி மாப்ள" என்று மெக்கானிக் சிரித்தான். "அது வந்த அன்னிக்குத்தான் என் பெட்டிக்கு வாய் முளைச்சுது."

மச்சினன் பெருமையாக அதைத் தூக்கிக் காட்டினான். வயரில்லாத மைக். பழைய சாமான் கடையில் பிடித்தது. அதற்கு முன்னால், ஆடும் வேகத்தில் வயர் காலில் சிக்கி, டிரம்ஸ் மேலேயே இரண்டு தடவை விழுந்திருக்கிறான். இப்போது மைக்கோடு தலையை இரும்பு வாளிக்குள் விட்டுப் பாடினால், கிணற்றுக்கடியில் யாரோ தூக்கத்தில் அழுவது போலக் கேட்கும். அந்தப் பாட்டுக்கு அவன் உயிரை விடுவான்.

"சரி, ஒட்டடை. சனிக்கிழமை எங்கேன்னு இப்பவாவது சொல்லேன்" என்றான் மச்சினன்.

சனிக்கிழமை ஊரிலுள்ள எல்லா பேண்டும் ஒரே இடத்தில் சேர்ந்து வாசிக்கப் போகின்றன. ஆனால் ஒவ்வொரு பேண்டிலும் ஒருவருக்குத்தான் இடம் தெரியும். இங்கே அவளுக்கு. பயந்தவள் வாயைத் திறக்கமாட்டாள் என்று அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

"அன்னிக்குக் காலையில சொல்றேன்."

"டிரம்ஸை யாரு தூக்குறது, நம்ம தாத்தாவா?" என்றான் மெக்கானிக். "படியா, லிஃப்டான்னாவது தெரிய வேணாமாடி?"

"அண்ணா, ப்ளீஸ். எனக்குப் பயமாயிருக்கு."

மெக்கானிக் சலித்துக்கொண்டு டிரம்ஸைத் தட்ட, மச்சினன் பாட ஆரம்பித்தான். அப்போதுதான் தெருவில் ஜீப் சத்தம் கேட்டது.

ஷட்டருக்கு அடியில் வெளிச்சம் வழிந்து, தரையிலிருந்த ஆயில் கறைகளைத் தடவிக்கொண்டு வந்து, அவள் செருப்பு முனையில் நின்றது. ஒட்டடை கிட்டாரைக் குழந்தையை அணைப்பது போல அணைத்துக்கொண்டாள். கண்ணை மூடினால் அந்த விரல்கள். திறந்தால் வெளிச்சம்.

ஆம்ப்ளிஃபயர் இருமியது.

"வண்டி மூணு. ஒரு கார் ஷெட் வாசல்ல நிக்கறேன். உள்ள ஏதோ இரும்பைத் தட்டறாங்க. வேற ஒண்ணும் இல்ல. எல்லா வண்டியும் ஆத்துப் பாலத்துக்கு வாங்க. இந்தப் பக்கம் இனி யாரும் வர வேணாம். ஓவர்."

வெளிச்சம் பின்வாங்கியது. சத்தம் தேய்ந்து தெருமுனையில் காணாமல் போயிற்று.

முதலில் மச்சினன்தான் சிரித்தான். "இரும்பைத் தட்டறாங்களாம்! அது என் பாட்டுய்யா!"

"சித்தப்பாவுக்கு சங்கீத ஞானம் அவ்வளவுதான்" என்றான் மெக்கானிக், நெற்றியைத் துடைத்தபடி. "பாத்தியா ஒட்டடை? எல்லாரும் பாலத்துக்குப் போயாச்சு. இதைவிடப் பத்திரமான நேரம் உனக்குக் கிடைக்குமா? சொல்லு."

அவளும் சிரித்தாள். சிரிப்போடு அழுகையும் வந்தது. இத்தனை நாள் தனியாகச் சுமந்தது கனத்தது. இருவரையும் தோளைப் பிடித்து அருகில் இழுத்தாள். மச்சினன் மைக்கை மார்போடு அணைத்தபடி குனிந்தான்.

"மூடிக் கிடக்குற துணி மில்லு" என்று கிசுகிசுத்தாள். "அதுக்கு அடியில கார் நிறுத்துற தளம். சாய்வாப் பாதை இருக்கு, டிரம்ஸை உருட்டியே இறக்கிடலாம். பொழுது சாஞ்சதும் எல்லா பேண்டும் அங்க இருக்கும்."

மூலையில் மறுபடி இருமல் கேட்டது.

"பாலத்துக்குப் போய்ச் சேர்ந்துட்டாரு" என்று மச்சினன் கண்ணடித்தான்.

"ரொம்ப நன்றி ஒட்டடை" என்றது ஆம்ப்ளிஃபயர். "இருமல் சித்தப்பாதான் பேசறேன். மாப்ள, அந்த வயரில்லாத மைக்கை இனிமே நீ அணைச்சிடலாம். ஒரு மாசமா அதுல நீங்க பேசினதெல்லாம் எங்க ஜீப்புலதான் கேட்டுக்கிட்டிருந்தது. ஓவர்."