பெரிய இடத்துச் சம்பந்தம்

யார் தோட்டத்தில் மேய்ந்தாலும் ஒருவரும் அதட்டாத கிடா மாப்பிள்ளையாகக் கிடைத்தால் விடுவீர்களா? செவலை ஆடும் விடவில்லை. மகள் சுட்டியை இழுத்துக்கொண்டு சம்பந்தம் பேசக் கிளம்பிவிட்டது.

கிடாவைக் கோயில் வாசலில் மாலை போட்டுக் கட்டியிருந்தார்கள். மேளம் வேறு.

"பாத்தியாடி, மாலையும் கழுத்துமா நிக்கிறார்!" என்று பூரித்தது செவலை.

பூசாரி கிடாவின் தலையில் மஞ்சத்தண்ணி தெளித்தார். அது விறைத்துப்போய் நின்றது.

"சம்மதம்னு தலையை ஆட்டுங்க மாப்பிள்ளை! எம்பொண்ணுக்கு என்ன குறை?"

"ஆட்டினா வெட்டிடுவாங்க அத்தே! நான் சாமிக்கு நேந்துவிட்ட கிடா. அதான் யாரும் அதட்டல."

செவலைக்கு உயிர் போய்த் திரும்பி வந்தது. நல்லவேளை, பேச்சோடு போயிற்று! அப்பாடா என்று மூச்சுவிட்டது சுட்டி.

"அத்தே," உதடு மட்டும் அசையக் கூப்பிட்டது கிடா. "இந்தக் கயித்தைக் கொஞ்சம் கடிச்சுவிடுங்க, வீட்டோட மாப்பிள்ளையா வந்துடறேன்!"