எலி மூளையும் வெள்ளிக்கிழமையும்

“முதல் ஷாக் குடுத்தாச்சு. இந்தத் தடவையாவது ஞாபகம் நிக்கணும், முருகா!” என்றாள் ஜெயசித்ரா.

பதறாதீர்கள், ஷாக் மனுஷருக்கு இல்லை. கிருமாம்பாக்கத்தில் அவள் ஆராய்ச்சி செய்யும் லேபில், சின்னக் கிண்ணத்தில் கிடந்த எலி மூளைச் சீவல் ஒன்றுக்கு.

ஒரே மூச்சில் கரண்ட் வைத்தால் சீவல் கொஞ்ச நேரத்தில் மறந்துவிடும். பத்துப் பத்து நிமிடம் விட்டு நாலு முறை வைத்தால்தான் நிற்கும். அந்த நேரக் கணக்கை அவள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டரில் போட்டபோது, லேப் உதவியாளர் சுப்புராயன் துடைப்பமும் கையுமாக நின்று ஒன்றுவிடாமல் கேட்டிருந்தார்.

இப்போது அவர்தான் கதவைத் திறந்தார். “மேடம், வெள்ளிக்கிழமை எம் பொண்ணு மஞ்சுளாவுக்கு வளைகாப்பு. சார்கிட்ட எனக்கு லீவு சொல்லிடுங்க.”

“சொல்றேண்ணே.” திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

சொல்லிக் கிழித்தாள்! மஞ்சுளாவின் நிச்சயதார்த்தத்துக்கும் இப்படித்தான் தலையாட்டிவிட்டுச் சுத்தமாக மறந்துபோனாள். அன்று மனுஷர் வேலையை முடித்துச் செலியமேடு போய்ச் சேர்வதற்குள் தட்டு மாற்றிப் பந்தியும் முடிந்துவிட்டது. பெற்ற அப்பனுக்கு எப்படி இருந்திருக்கும்?

கம்ப்யூட்டர் ‘பீப்’ என்று இரண்டாவது ஷாக்கை வைத்தது. கதவு திறந்தது.

“மேடம், வெள்ளிக்கிழமை மஞ்சுளாவுக்கு வளைகாப்பு...”

“ஐயோ, சொல்றேண்ணே!”

அப்புறமும் வந்தார். நாலாவது தடவை ஜெயசித்ராவுக்குக் கோபமே வந்துவிட்டது. “இன்னாண்ணே இது, எத்தினி தபா சொல்வீங்க? எனக்கு மண்டையில ஒண்ணும் இல்லன்னு நெனச்சிங்களா?”

சுப்புராயன் சிரித்துக்கொண்டே போனார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

மூன்று மணி நேரம் கழித்து, சீவலின் ஞாபகத்தைக் காட்டித் திரையில் ஏறியிருந்த கோடு பழைய இடத்துக்கே இறங்கிவிட்டது. ஜெயசித்ராவுக்கு அழுகையே வந்தது. அந்த நேரம் பார்த்துப் பேராசிரியர் போன் செய்தார்.

“வெள்ளிக்கிழமை புது எலிங்க வருதும்மா. சுப்புராயனைக் காலையிலேயே வரச் சொல்லு.”

“அவருக்கு அன்னிக்கு லீவு வேணும் சார். பொண்ணு மஞ்சுளாவுக்கு வளைகாப்பு.”

யோசிக்கும் முன்பே வாய் சொல்லிவிட்டது. அவளுக்கே ஆச்சரியம்.

“அட, உனக்குக்கூட ஞாபகம் இருக்கே! சரி, போயிட்டு வரட்டும்” என்று பேராசிரியர் போனை வைத்தார்.

வாசலில் சுப்புராயன் நின்றிருந்தார். முகமெல்லாம் பல்.

“உங்களுக்கு லீவு கெடச்சிடுச்சுண்ணே. ஆனா என் சீவலுக்குத்தான் நிக்கல. பத்து நிமிஷக் கணக்கே தப்பு போல.”

“கணக்கு சரிதான் மேடம். உங்களுக்கு நின்னுடுச்சே!”